முத்திரை உடையாத மானி

அழைப்புமணிகளை வைத்துத்தான்
புடாபெஸ்டை அறிவேன்.

யோசெஃப்வாரோஷில் பாதி மணிகள் அடிக்காது.
முற்றத்தின் நடுவில் நின்று
"தண்ணீர்க் கணக்கு!" என்று கத்தவேண்டும்.
மூன்று தளத்துத் தாழ்வாரங்களிலிருந்தும் தலைகள் நீளும்.
ஊருக்குப் போனவரின் சாவியை
யாராவது பழைய காலுறையில் முடிந்து
மேலிருந்து எறிவார்கள்.

கோபான்யாவில் காற்றிலேயே பீர் ஊறியிருக்கும்.
அங்கே நாய் இல்லாத வீடில்லை,
"கடிக்காது" என்று சொல்லாத வாயுமில்லை.
என் இடது கணுக்காலில் இரண்டு தழும்பு.

ரோஜாக் குன்றில் கதவுக்கு முன் கேமரா பேசும்:
காலுக்கு உறை கொண்டுவந்தீர்களா?

ஃபெரென்ட்ஸ்வாரோஷில் கால்பந்து நாளில்
மணி அடிப்பவள் முட்டாள்.
நான் ஒருமுறை அடித்தேன்.
திட்டு வாங்கிக்கொண்டு நிலவறையில் காத்திருந்தபோது
இடைவேளை வந்தது.
நாற்பது மானிகளும் ஒன்றாகச் சுழன்றன,
கட்டடமே எழுந்து
கழிவறைக்குப் போனதுபோல.

உய்லிபோட்வாரோஷில், போஜொன்யி தெருவில்,
ஐந்தாவது மாடியில் வெந்தெல்.
போன ஜனவரியில் பதினொன்று.
இந்த ஜனவரியில் பன்னிரண்டு.
ஒரு ஆள் ஒரு வருடத்துக்கு
ஒரே ஒரு கன மீட்டர்.

காந்தம் ஒட்டி மானியை உறங்கவைப்பவர்கள் உண்டு.
தொட்டிக்கடியில் டார்ச்சுடன் படுத்தேன்.
காந்தமில்லை. முத்திரை உடையவில்லை.
குழாயைத் திறந்தேன்:
ஒரு இருமல், கொஞ்சம் துரு, பிறகு நல்ல நீர்.
சிவப்பு முள் ஓடியது.
"போதும், போதும்,
அதுவும் என் கணக்கில்தானே ஏறும்" என்றார்.

"வீட்டைத் தலைமுழுகிவிட்டீர்களா?"

"தலைமுழுகத்தான் லுகாச்சுக்குப் போகிறேன்.
ஆறு மணிக்கு மார்கிட் பாலம் தாண்டினால் என் குளியலறை.
முட்டிவலிக்கு மருத்துவர் சீட்டு,
சவரமும் அங்கேயே.
சாப்பாடு பிரோஷ்காவின் கடையில்,
நாலே மேசை, செவ்வாயென்றால் பரங்கிக் கூட்டு.
தட்டை அவள் கழுவிக்கொள்வாள்.
சட்டைக்கு லெஹெல் சந்தைக்குப் பின்னால் சலவைக்கடை.
சாயங்காலம் உட்கார ஒரு கூடம் வேண்டுமே,
அதற்கு இரண்டாம் எண் டிராம்.
என் வயதுக்குச் சீட்டு வேண்டாம்,
வலப்பக்கம் உட்கார்ந்தால் ஆறு கூடவே வரும்.
இங்கே கட்டில் மட்டும்.
ராத்திரி ஒருமுறை எழுவேன்.
உங்கள் கன மீட்டர் அதுதான்."

கேட்க ஒரு கேள்வி இருந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

குடிக்கக் கொடுத்தார்,
லுகாச்சின் ஊற்றில் பிடித்த பாட்டிலிலிருந்து.
ஆறியும் ஆறாமலும்,
வேகவைத்த முட்டை வாசத்தோடு.
பாதி இறங்கியது.
மீதியைத் தொட்டியில் சாய்க்கப் போனேன்,
கையைப் பிடித்துக்கொண்டார்.
அது ஜன்னலோரச் செடிக்குப் போனது.
நன்றாகத்தான் வளர்ந்திருந்தது அந்தச் செடி.

மானி: சரி. முத்திரை: சரி.
குடியிருப்போர் எண்ணிக்கை என்ற இடத்தில்
பேனா நின்றது.
பிறகு ஒன்று என்று எழுதினேன்,
வேறென்ன எழுத.

கீழே யாசாய் மாரி சதுக்கத்தில்
மஞ்சள் டிராம் கதவைத் திறந்து வைத்திருந்தது.
வெளியே சேறும் பனியும்.
வலப்பக்கம் ஒரு இருக்கை காலி.
படியில் ஏறுமுன்
இரண்டு காலணிகளையும் விளிம்பில் தேய்த்தேன்.
"சீக்கிரம், அம்மா" என்றார் ஓட்டுநர்.
இன்னொரு முறை தேய்த்துவிட்டு
உள்ளே போனேன்.